லாட்டரி வேண்டாம் என்று சொல்ல, பாவம் புண்ணியம் தவிர கையில் என்ன இருக்கிறது?

நூற்கண்டு (கேள்வி):

வணக்கம். திருப்பூரில் பனியன் தொழிலாளர் கூட்டம் ஒன்றில் லாட்டரி பற்றி அரை மணி நேரம் பேச வேண்டும். ஐம்பது அறுபது பேர் வருவார்கள். பவர்டேபிள், ஓவர்லாக் டெய்லர்கள், செக்கிங் பெண்கள், அயர்ன் மாஸ்டர்கள். எல்லாருக்கும் சனிக்கிழமைச் சம்பளம். விளையாடுகிறவர்களில் இரண்டு வகை உண்டு. வாளையாறு போய், அல்லது அந்தப் பக்கம் போகிறவரிடம் காசு கொடுத்துவிட்டு, கேரளாச் சீட்டு வாங்குகிறவர்கள் ஒரு வகை. வாட்ஸ்அப்பில் மூணு நம்பர் எழுதுகிறவர்கள், அதாவது கேரளா முதல் பரிசின் கடைசி மூணு எண்ணைச் சொல்லிக் கள்ள ஏஜென்டிடம் பந்தயம் கட்டுகிறவர்கள், இன்னொரு வகை.

“சூதாட்டம் குடும்பத்தைக் கெடுக்கும்” என்றால் தலையை ஆட்டிவிட்டு, வெளியே போய் ரிசல்ட் பார்ப்பார்கள். அவர்கள் கேட்கப்போவது இதுதான்:

“கவர்மெண்டே நடத்துது, அப்புறம் எப்படித் தப்பாகும்?”
“என் காசு, என் இஷ்டம். டீ குடிக்கிற காசுதானே?”
“விழலைன்னாலும் ஆஸ்பத்திரிக்குத்தானே போகுது?”
“நம்ம லைன்லயே ஒருத்தருக்கு விழுந்துச்சே?”

இவற்றுக்கு உபதேசம் இல்லாத பதில் வேண்டும். கணக்கு, சட்டம், ஏற்கெனவே மாட்டிக்கொண்டவருக்கு வழி, மூன்றும் வேண்டும். பேப்பரில் எழுதிக் கையில் கொடுக்கிற மாதிரி இருந்தால் இன்னும் நல்லது.


கூட்டல்கழித்தல்:

நூற்கண்டு, முதலில் கேரளாச் சீட்டை எடுத்துக்கொள்வோம். அதில் எல்லாம் வெளிப்படை என்பதால் கணக்குப் போடுவது சுலபம்.

தினசரிச் சீட்டு 50 ரூபாய். முதல் பரிசு 1 கோடி. எண்கள் 100000 முதல் 999999 வரை, ஆக ஒரு சீரிஸில் 9 லட்சம் சீட்டு. சீரிஸ் 12. முழுதாக அச்சடித்தால் 1 கோடியே 8 லட்சம் சீட்டு, அதில் முதல் பரிசு ஒன்று. தினம் ஒரு சீட்டு, ஞாயிறு தீபாவளி பார்க்காமல் வாங்கினால், சராசரியாக ஒரு முதல் பரிசுக்கு 29,589 வருஷம் ஆகும். கரும்பலகையில் 1,08,00,000-ஐ 365-ஆல் அவர்களையே வகுக்கச் சொல்லுங்கள். நீங்கள் சொன்னால் மேடைப் பேச்சு, அவர்கள் கை போட்டால் கணக்கு.

“முதல் பரிசு வேண்டாம், சின்னப் பரிசு வரும்ல” என்பார்கள். அங்கேதான் அடுத்த கணக்கு. 2025 செப்டம்பர் 22 முதல் லாட்டரிக்கு ஜிஎஸ்டி 40 சதவீதம். இது சீட்டு விலைக்குள்ளேயே அடங்கியது. அதனால் 50-ஐ 140-ஆல் வகுத்து 40-ஆல் பெருக்க வேண்டும்: 14 ரூபாய் 29 காசு வரி. மிச்சம் 35 ரூபாய் 71 காசு. பரிசு, ஏஜென்ட் கமிஷன், விற்கிறவர் கமிஷன், அச்சு, விளம்பரம், ஆபீஸ் செலவு, அரசு லாபம் எல்லாம் அந்த 35.71-க்குள்தான். ஒரு பேச்சுக்கு மற்ற எல்லாரும் சம்பளமே வாங்காமல் வேலை பார்த்து, மீதி முழுவதையும் பரிசாகக் கொடுத்துவிட்டாலும், ரூபாய்க்கு 71 காசுக்கு மேல் திரும்பி வர வழியே இல்லை. நிஜத்தில் அதைவிடக் குறைவு. இது அதிர்ஷ்டம் பற்றிய விஷயமே இல்லை. சீட்டு அச்சாகும்போதே 29 காசு போய்விட்டது.

அடுத்து, “25 கோடி”. 2022-ல் திருவோணம் பம்பர் என்கிற ஓணச் சிறப்புக் குலுக்கலின் முதல் பரிசு அந்தத் தொகைக்கு உயர்ந்தது, சீட்டு 500 ரூபாய். அந்த ஆண்டுக் கணக்குப்படி: 10 சதவீதம் ஏஜென்ட் கமிஷன் 2.5 கோடி போக 22.5 கோடி. அதில் 30 சதவீத வருமான வரி 6.75 கோடி பிடித்துக்கொண்டு கையில் 15.75 கோடி. இத்தோடு முடிந்தது என்று நினைத்துச் செலவு செய்தால் மாட்டிக்கொள்வார்கள். வரியின் மேல் 37 சதவீத சர்சார்ஜ் (கூடுதல் வரி), அதற்கும் மேல் 4 சதவீத செஸ் (மேல்வரி), இரண்டையும் பின்னால் தாங்களே கட்ட வேண்டும். கடைசியில் நிற்பது சுமார் 12 கோடியே 88 லட்சம். பரிசு வாங்கிய பிறகும் பாதிப் பணம் போஸ்டரில்தான் இருக்கிறது.

இன்னொன்று, லாட்டரிப் பணத்துக்கு எந்தக் கழிவும் கிடையாது. வருஷ வருமானம் ஒன்றரை லட்சம் இருக்கிற டெய்லருக்கும் அதே 30 சதவீதம்தான். தோற்ற சீட்டுகளின் விலையைச் செலவாகக் காட்டவும் முடியாது.

டீக்காசு விஷயம்: தினம் 50 ரூபாய் என்றால் மாதம் 1,500. அதையே தபால் நிலையத்தில் 5 வருஷ ஆர்.டி. (மாதத் தவணைச் சேமிப்பு) போட்டால் 6.7 சதவீத வட்டிக்கு முடிவில் 1,07,000 ரூபாய் சொச்சம். போட்டது 90,000. பெரிய பணம் இல்லைதான். ஆனால் போட்ட அத்தனை பேருக்கும் விழும்.


பாலக்காட்டுக்காத்து:

கணக்கில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் ஒரே கோணத்தில் பேசினால் கூட்டத்தில் கேரளாவோடு பழக்கமுள்ள ஒருவர் எழுந்து மடக்கிவிடுவார். அந்தப் பக்க நியாயத்தையும் தெரிந்துகொண்டு போங்கள்.

கேரள அரசு 1967-ல் லாட்டரித் துறையைத் தொடங்கி, 1968 ஜனவரி 26-ல் முதல் குலுக்கல் நடத்தியது. அப்போது சீட்டு 1 ரூபாய், முதல் பரிசு 50,000. நோக்கம், வேலையில்லாதவர்களுக்கும் உடல் ஊனமுற்றோருக்கும் ஒரு பிழைப்பு, அரசுக்கு ஒரு வருமானம். கால் முடியாதவர்கள், பார்வை இல்லாதவர்கள், வயதானவர்கள் பலர் இன்றும் சீட்டு விற்றே அடுப்பெரிக்கிறார்கள். அவர்களுக்கு நலநிதி வாரியம் இருக்கிறது. கருண்யா திட்டத்தில் லாட்டரிப் பணத்தை எடுத்துப் புற்றுநோய், இதயம், சிறுநீரக நோயாளிகளுக்குக் கொடுத்தார்கள். இது பொய்யில்லை.

பொய் வேறு இடத்தில் இருக்கிறது. “விழலைன்னா ஆஸ்பத்திரிக்கு” என்பவர் 50 ரூபாயும் ஆஸ்பத்திரிக்குப் போவதாக நினைக்கிறார். மேலே கூட்டல்கழித்தல் பிரித்துக் காட்டினாரே, அதில் பரிசு, கமிஷன், வரி, அச்சு எல்லாம் போக மிஞ்சும் துண்டில் ஒரு துண்டுதான் அது. ஏழை நோயாளிக்குக் கொடுக்க ஆசையென்றால் 50 ரூபாயை நேராகக் கொடுத்தால் 50-ம் போய்ச்சேரும்.

விற்கிறவர் பற்றி வெளியே தெரியாத ஒரு சங்கதி: விற்காமல் மீந்த சீட்டைத் துறை திரும்ப எடுத்துக்கொள்ளாது. ஏஜென்டும் விற்பனையாளரும் காசு கொடுத்து வாங்கியாகிவிட்டது. பிற்பகல் 3 மணிக் குலுக்கலுக்கு முன் கையில் இருபது சீட்டு நின்றால், நாள் முழுக்க வெயிலில் நின்று சேர்த்த கமிஷன் அதில் போய்விடும். மழைநாளில் இது சாதாரணம். அதாவது அந்த ஊனமுற்ற மனிதரும் விருப்பமில்லாமலே தினம் லாட்டரி ஆடுகிறார். “விற்காத சீட்டில் விற்பனையாளருக்கே பரிசு” என்று பத்திரிகையில் வருமே, அந்தச் செய்திக்குள் ஒளிந்திருப்பது இதுதான்.

அவர்களை ஏமாற்றுகிறவர்களும் உண்டு. பரிசு விழுந்த சீட்டைக் கலர் ஜெராக்ஸ் எடுத்துக் காட்டுவது, ஒரு எண்ணைச் சுரண்டி 3-ஐ 8 ஆக்குவது. 5,000 வரை எந்தக் கடையிலும் மாற்றலாம் என்பதால், பார்வை குறைந்த கிழவரிடம் 2,000 ரூபாய்ச் சீட்டு என்று நீட்டிக் காசை வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். அவர் மேலே கொண்டுபோகும்போதுதான் செல்லாது என்று தெரியும். ஏழைக்குப் பிழைப்பு தருகிறது என்கிற வாதத்துக்கு இதையும் சேர்த்துத்தான் விலை போட வேண்டும்.


நூற்கண்டு:

மீந்த சீட்டுச் சங்கதி எனக்குப் புதிது. நன்றி. ஒரு சந்தேகம்: “ஒரு நம்பர்ல போச்சு” என்று அடிக்கடி சொல்கிறார்களே, அது எப்படி இவ்வளவு பேருக்கு நடக்கிறது?


கூட்டல்கழித்தல்:

அது தானாக நடப்பதில்லை, வடிவமைப்பே அப்படி. முதல் பரிசு எண்ணே மற்ற 11 சீரிஸில் இருந்தால் ஆறுதல் பரிசு. கீழ்மட்டப் பரிசுகள் எல்லாம் கடைசி நாலு எண்ணை வைத்து. நாலு எண் என்றால் பத்தாயிரம் சேர்க்கை. ஒரு பிரிவில் நூறு எண் எடுத்தால் நூறு சீட்டுக்கு ஒன்று விழும். அப்படி விழுகிற ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில், கடைசி எண் மட்டும் மாறி நிற்கிற ஒன்பது சீட்டு இருக்கும். அத்தனை பேரும் “ஒரு நம்பர்ல போச்சு” கட்சி. முந்தின மூன்று எண்களில் ஒன்று தவறியவர்களைச் சேர்த்தால் முப்பத்தாறு. தோற்றவர் தோற்றதாகவே நினைக்க மாட்டார், நெருங்கிவிட்டதாக நினைப்பார். ஆனால் எந்திரம் உருட்டும் எண்ணுக்குப் பக்கம், தூரம் கிடையாது. 4571 விழுந்த நாளில் 4572-ம் 9016-ம் ஒன்றுதான்.

லைன்ல ஒருத்தருக்கு விழுந்தது என்பதற்கும் இதுவே பதில். விழுந்தவருக்குக் கடைவாசலில் ஃபிளக்ஸ். விழாதவர்களுக்கும் அதே அளவில் ஃபிளக்ஸ் வைத்தால் வாளையாற்றிலிருந்து கோயம்புத்தூர் வரை இடம் போதாது.


குமாஸ்தா:

சட்டப் பக்கம் நான் எழுதுகிறேன். “கவர்மெண்டே நடத்துது” என்பதை உடைப்பது இங்கேதான்.

அரசு நடத்தினாலும் லாட்டரி சூதாட்டமே என்று உச்ச நீதிமன்றம் 1999-ல் பி.ஆர். என்டர்பிரைசஸ் வழக்கில் சொல்லிவிட்டது. அரசின் முத்திரை அதன் குணத்தை மாற்றாது, அதை மற்ற வணிகம்போல் உரிமையாகக் கேட்க முடியாது என்பது சாரம். தன் மாநிலத்தில் லாட்டரியே நடத்தாத அரசு, வெளிமாநிலச் சீட்டையும் தடுக்கலாம் என்பதும் அதே தீர்ப்பு. 1998-ஆம் ஆண்டு லாட்டரி ஒழுங்குமுறைச் சட்டத்தின் 5-ஆம் பிரிவு அந்த அதிகாரத்தைத் தருகிறது. அதன்படிதான் தமிழ்நாடு 2003 ஜனவரியில் எல்லா லாட்டரியையும் தடை செய்தது, கர்நாடகம் 2007-ல்.

அந்தச் சட்டத்தின் 4-ஆம் பிரிவு ஒரு வேடிக்கை. ஒற்றை எண்ணுக்குப் பரிசு கூடாது, ஒரு லாட்டரிக்கு வாரத்தில் ஒரு குலுக்கலுக்கு மேல் கூடாது, பம்பர் வருஷத்துக்கு ஆறுக்கு மேல் கூடாது. எதற்காக? தினம் தினம் ஆடுகிற பழக்கம் வரக்கூடாது என்றுதான். கேரளாவில் என்ன செய்கிறார்கள்? ஏழு நாளைக்கு ஏழு பெயரில் லாட்டரி. சம்ருத்தி, பாக்யதாரா, ஸ்திரீசக்தி, தனலட்சுமி, கருண்யா பிளஸ், சுவர்ண கேரளம், கருண்யா. ஒவ்வொன்றும் வாரம் ஒருமுறைதான், சட்டம் அப்படியே இருக்கிறது. ஆடுகிறவருக்கோ தினம் 3 மணிக்குக் குலுக்கல். பம்பர் மிகச் சரியாக ஆறு.

தமிழ்நாடும் சுத்தம் என்று மார்தட்ட வேண்டாம். 1968-ல் இங்கே அரசே பரிசுச் சீட்டு தொடங்கியது. “விழுந்தால் வீட்டுக்கு, விழாவிட்டால் நாட்டுக்கு” என்ற வாசகம் பெரியவர்களுக்கு இன்றும் நினைவிருக்கும். அப்புறம் வெளிமாநிலச் சீட்டுகள், ஒரு நம்பர், கடைசியில் சுரண்டல் லாட்டரி. காசு முனையால் பூச்சைச் சுரண்டினால் அந்த நிமிஷமே முடிவு, அடுத்த நிமிஷம் அடுத்த சீட்டு. தமிழ் மாதிரி பொருத்தமாகப் பெயர் வைக்கிற மொழி இல்லை.

“நாட்டுக்கு” போனது எங்கே என்பதற்கு ஒரு தகவல். 2024 மார்ச்சில் தேர்தல் பத்திர விவரம் வெளியானபோது, நாட்டிலேயே அதிகப் பத்திரம் வாங்கியிருந்தது கோவை முகவரியுள்ள ஒரு லாட்டரி வினியோக நிறுவனம். 1,368 கோடி ரூபாய். பத்திரம் வாங்குவது அப்போது சட்டப்படி சரி. ஆனால் ஐம்பதும் நூறுமாகக் கூலிக்காரர் கையிலிருந்து திரள்கிற பணம் எவ்வளவு உயரத்துக்கு ஏறிப்போகிறது என்று காட்ட இதைவிட நல்ல எண் கிடையாது. கூட்டத்தில் கட்சிப் பெயர் சொல்லாதீர்கள், பேச்சு வேறு திசைக்குப் போய்விடும்.

நியாயப் பக்கம் என் கருத்து: “என் காசு, என் இஷ்டம்” என்பதைச் சும்மா தள்ளிவிட முடியாது. கஷ்டப்பட்டுச் சம்பாதித்தவர் சொல்கிறார். ஆனால் அவர் ஜெயிக்கப்போவது யார் காசு? துணி விற்றால் வாங்கினவருக்குத் துணி, விற்றவருக்குக் காசு, இரண்டு பேரும் சந்தோஷமாகப் போகலாம். லாட்டரியில் ஒருவர் கைக்கு வரும் கோடி முழுக்க, அதே மாதிரி லட்சம் பேர் வீட்டில் பால் பாக்கெட்டுக்கும் ஸ்கூல் ஃபீஸுக்கும் இருந்தது. அவர்கள் யாரும் உங்களுக்குக் கொடுக்க விரும்பிக் கொடுக்கவில்லை. எல்லாரும் தோற்க வேண்டும், நான் மட்டும் ஜெயிக்க வேண்டும் என்பது தவிர அதில் வேறு வேண்டுதல் இருக்க முடியாது. அரசின் பங்கு இன்னும் மோசம். மந்தையில் சீட்டாடுகிறவர்களை ஒரு சட்டத்தில் பிடிக்கும், தானே அச்சடித்த சீட்டை விளம்பரம் செய்து விற்கும். மாதம் இரண்டு லட்சம் வாங்குகிறவருக்கும் தினக்கூலிக்கும் ஒரே 50 ரூபாய், ஒரே வரி. கேசினோவையும் குதிரைப் பந்தயத்தையும் வைத்திருக்கிற 40 சதவீத வரிசையில்தான் அரசே இதை வைத்திருக்கிறது. எது என்ன என்று அவர்களுக்குத் தெரியாமல் இல்லை.

தண்டனை விவரம்: தமிழ்நாட்டுக்குள் சீட்டு விற்றால் 1998 சட்டம் 7-ஆம் பிரிவில் இரண்டு வருஷம் வரை கடுங்காவல், அல்லது அபராதம், அல்லது இரண்டும். பிரிவில் வாங்குவதையும் சேர்த்தே எழுதியிருக்கிறார்கள். பிணையில் விட முடியாத குற்றம். கேரளாவுக்குப் போய் அங்கேயே வாங்குவது வேறு விஷயம். ஆனால் யாரோ கொண்டுவந்து திருப்பூரில் கொடுக்கிறார் என்றால் அவர் தலையில் வழக்கு நிற்கும்.

ஆன்லைனில் கேரளா லாட்டரி என்று வருவது அத்தனையும் மோசடி. கேரள அரசு காகிதச் சீட்டு மட்டுமே விற்கிறது. பரிசு வாங்க அசல் சீட்டைப் பின்பக்கம் பெயர், முகவரி, கையெழுத்தோடு 30 நாளுக்குள் ஒப்படைக்க வேண்டும். போட்டோ அனுப்பி எதுவும் வராது. “உங்களுக்கு 5 லட்சம் விழுந்திருக்கு, வரி 12,000 முதலில் அனுப்புங்க” என்றால், அதுவும் மோசடிதான். அனுப்பிவிட்டவர்கள் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்குப் போன் செய்ய வேண்டும். மணிக்கணக்கில் தாமதித்தால் பணம் கணக்கு மாறிப் போய்விடும்.


ஓவர்லாக்_செல்வி:

சார் எல்லாரும் சீட்டைப் பற்றியே பேசுறீங்க. இங்க நிஜத்துல ஓடுறது மூணு நம்பர்தான். அதுக்குக் கணக்கு சொல்லுங்க. நூறு ரூபாய்க்கு எழுதுற ஆளுங்களுக்கு அப்பப்ப விழத்தான் செய்யுது, அதனால நம்ப மாட்டாங்க.


கூட்டல்கழித்தல்:

செல்வி அம்மா, சரியான இடத்தைத் தொட்டிருக்கிறீர்கள். அடிக்கடி விழுவதுதான் அதன் தூண்டில். எண்ணைப் பாருங்கள்.

கேரளா முதல் பரிசின் கடைசி மூணு எண்ணைச் சொல்ல வேண்டும். வாய்ப்பு ஆயிரத்தில் ஒன்று. 10 ரூபாய் கட்டினால் 5,000 கொடுக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். நியாயமான விளையாட்டு என்றால் 10,000 கொடுக்க வேண்டும். ஆக ஆரம்பத்திலேயே பாதி ஏஜென்டுக்கு. கேரளாச் சீட்டைவிட மோசம்.

இப்போது ஒருவர் தினம் பத்து எண், 100 ரூபாய், வருஷத்தில் 300 நாள் எழுதுகிறார். கட்டியது 30,000. சராசரியாக மூன்று முறை விழும், வந்தது 15,000. போனது 15,000. இது சராசரி. நூறு பேர் இப்படி ஆடினால் எப்படிப் பிரிவார்கள் என்று பார்த்தால்தான் விஷயம் புரியும்:

ஒரு முறைகூட விழாதவர் 5 பேர்.
ஒன்று முதல் ஐந்து முறை விழுந்தும் நஷ்டத்தில் நிற்பவர் 87 பேர்.
ஆறு முறை விழுந்து கை சமம் ஆனவர் 5 பேர்.
ஏழோ அதற்கு மேலோ விழுந்து லாபம் பார்த்தவர் 3 பேர்.

நூற்றில் 95 பேர் “எனக்கும் விழுந்திருக்கு” என்று சத்தியம் செய்யலாம், பொய் சொல்லவில்லை. 92 பேர் நஷ்டம். 5,000 வந்த நாள் நினைவிருக்கும், பிரியாணி வாங்கினது நினைவிருக்கும். நூறு நூறாகப் போன நாட்கள் எங்கேயும் எழுதி வைக்கப்படவில்லை. அதனால் கூட்டத்தில் சண்டை போடாதீர்கள். பாக்கெட் டைரி ஒன்று கொடுத்து, ஒரு மாதம் கட்டினதையும் வந்ததையும் தேதிவாரியாக எழுதச் சொல்லுங்கள். ஒரே நிபந்தனை, அன்றன்றைக்கே எழுத வேண்டும். ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து நினைவிலிருந்து எழுதினால் நஷ்டம் பாதியாகிவிடும்.

“நேற்று 417 விழுந்தது, இனி அது வராது” என்று சார்ட் போட்டு விற்கிறார்கள். எந்திரத்துக்கு நேற்று என்று ஒன்று கிடையாது. இன்றைக்கும் 417-க்கு ஆயிரத்தில் ஒன்றுதான்.


குமாஸ்தா:

இதோடு ஒன்று சேர்க்கிறேன். பந்தய ஒப்பந்தம் செல்லாது என்பது 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 30-ஆம் பிரிவு. ஜெயித்து ஏஜென்ட் கொடுக்கவில்லை என்றால் எந்தக் கோர்ட்டிலும் கேட்க முடியாது, போலீஸில் சொன்னால் சொன்னவரும் சேர்ந்து மாட்டுவார். வாட்ஸ்அப் மெசேஜ்தான் ரசீது, அதை அவர் ‘எல்லோருக்கும் நீக்கு’ போட்டுவிட்டால் அதுவும் இல்லை. வழக்குப் பதிந்தால் வழக்கமாக 1998 சட்டம் 7-ஆம் பிரிவும், பாரதிய நியாய சன்ஹிதா 297-ம் வரும், பழைய இபிகோ 294-ஏ.

தடை செய்ததால்தானே இது முளைத்தது என்று கேட்பார்கள். ஓரளவு உண்மை, மறுக்காதீர்கள். ஆனால் கேரளாவில் அரசுச் சீட்டு தாராளமாகக் கிடைக்கிறது, அங்கேயும் இதே மூணு நம்பர் ‘எழுத்து லாட்டரி’ என்ற பெயரில் ஓடுகிறது, போலீஸ் பிடித்துக்கொண்டேதான் இருக்கிறது. கடை திறந்தால் கள்ளம் ஒழியும் என்பது அங்கேயே நடக்கவில்லை. சொல்லப்போனால் அரசுக் குலுக்கல்தான் கள்ள ஏஜென்டுக்குப் பகடை. அவரே எண் எடுத்தால் யாரும் நம்ப மாட்டார்கள். அரசு எடுத்துக் கொடுக்கிற எண் என்பதால் நம்புகிறார்கள்.


பாலக்காட்டுக்காத்து:

அந்தக் கடைசி வரியை மறுக்க முடியவில்லை.


மருந்துச்சீட்டு:

மாட்டிக்கொண்டவருக்கு வழி என்று கேட்டிருந்தீர்கள். மனநலப் பணிப் பக்கமிருந்து எழுதுகிறேன்.

எல்லாரும் நோயாளி இல்லை. ஓணத்துக்கு ஒரு பம்பர் வாங்குகிறவரை விட்டுவிடுங்கள். சூதாட்டக் கோளாறு என்று மருத்துவம் ஒத்துக்கொண்ட ஒன்று இருக்கிறது. ஒன்பது அறிகுறிகளில் குறைந்தது நாலு ஒரு வருஷத்துக்குள் இருந்தால் அந்தப் பெயர் வைப்பார்கள். கூட்டத்தில் கேட்க எளிதானவை: விட்டதைப் பிடிக்க மறுநாளே போகிறாரா? தொகையை ஏற்றிக்கொண்டே போனால்தான் விறுவிறுப்பு வருகிறதா? நிறுத்தப் பார்த்து முடியாமல் போயிருக்கிறதா? எவ்வளவு போனது என்று வீட்டில் பொய் சொல்கிறாரா? கடனடைக்கக் கைமாற்று கேட்கிறாரா?

குடும்பம் செய்கிற பெரிய தவறு, நகையை விற்று மொத்தக் கடனையும் ஒரே நாளில் அடைப்பது. பாரம் இறங்கியதும், கடன் கொடுக்க ஆட்கள் மறுபடி தயாராகிவிடுவார்கள். மூன்று மாதத்தில் அதே இடம். செய்ய வேண்டியது இந்த வரிசை.

ஒரே நாளில், ஒரே தாளில் எல்லாக் கடனையும் எழுத வேண்டும். யாரிடம், எவ்வளவு, என்ன வட்டி, எந்தக் கிழமை. பெரும்பாலும் முதல் முறை பாதியைத்தான் சொல்வார்கள், கோபப்படாமல் ஒரு வாரம் கழித்து மறுபடி கேளுங்கள். வாடகை, அரிசி, கரண்ட், ஃபீஸ் ஒதுக்கின பிறகுதான் கடனுக்குப் பணம். வார வட்டி, மீட்டர் வட்டிக்காரர் மிரட்டினால் 2003-ஆம் ஆண்டுக் கந்துவட்டித் தடைச் சட்டம் இருக்கிறது. அதிலும் மிரட்டல் மெசேஜை அழிக்காமல் வைத்திருப்பது முக்கியம்.

சம்பளம் அவர் கைக்கு வராமல் மனைவி அல்லது அம்மா கணக்குக்குப் போக வேண்டும், அவர் சம்மதத்தோடு. செலவுக்கு நாளுக்கு நாள் ரொக்கம். பேங்க் ஆப்பில் யுபிஐ தினசரி வரம்பை 200, 300-க்கு இறக்கலாம். ஏஜென்ட் நம்பரை பிளாக் செய்வது போதாது, புது நம்பரில் கூப்பிடுவார்கள். சிம் மாற்றுவது நல்லது. மூணு நம்பர் ஆடுகிறவருக்குக் கை அரிக்கிற நேரம் மதியம் இரண்டிலிருந்து மூன்று. முதல் மாதம் அந்த ஒரு மணி நேரம் போன் சூப்பர்வைசர் டேபிளில் இருக்கட்டும். கேட்கச் சின்ன விஷயம், ஆனால் பாதி சண்டை அங்கேதான் தோற்கிறது.

2019 டிசம்பரில் விழுப்புரத்தில் இந்தக் கடனால் ஒரு குடும்பமே உயிரை விட்டது. மேடையில் அதை விவரிக்காதீர்கள். எப்படி, எதைக் குடித்து என்பது எதுவும் வேண்டாம், அதே நிலையில் இருப்பவர் கூட்டத்தில் உட்கார்ந்திருக்கலாம். “நான் போய்ட்டா எல்லாம் தீர்ந்துடும்” என்கிற மாதிரி யாராவது பேசினால் தனியாக விடாமல், 14416-க்குப் போன் போடுங்கள். டெலி மானஸ் என்கிற அரசு மனநல உதவி எண், இலவசம், தமிழில் பேசலாம், எந்நேரமும். அந்த எண்ணை நோட்டீஸின் அடியில் பெரிதாக அச்சடியுங்கள்.


நூற்கண்டு:

எல்லாருக்கும் நன்றி. நோட்டீஸ் இரண்டு பக்கத்துக்குள் அடங்கிவிடும். ஒரே ஒரு கேள்வி. ஒரு கோடியே எட்டு லட்சம் என்பதைக் கண்ணால் பார்க்கிற மாதிரி காட்ட வழி இருக்கிறதா? எண்ணாகச் சொன்னால் லட்சமும் கோடியும் அவர்களுக்கு ஒன்றுதான்.


கூட்டல்கழித்தல்:

அரிசி. ஆயிரம் மணி எண்ணி நிறுத்துப் பாருங்கள். குண்டு இட்லி அரிசி 16 கிராம் வந்தால், 10,800 மடங்குக்கு 173 கிலோ. 25 கிலோ சிப்பம் ஏழு. தெரிந்த அரிசிக் கடையில் ஒரு மணி நேரத்துக்கு இரவல் கேட்டு, ஏழு சிப்பத்தையும் மேடை ஓரம் அடுக்கிவிடுங்கள். ஒரு மணியை மட்டும் குங்குமத்தில் தோய்த்துக் காயவைத்து உள்ளங்கையில் காட்டி, “இது ஏதோ ஒரு மூட்டையில் இருக்கு. கண்ணைக் கட்டிக்கிட்டு ஒரு மணி எடுங்க, 50 ரூபாய்” என்று கேளுங்கள். நிஜமாக மூட்டைக்குள் போட்டுவிடாதீர்கள், அரிசியைத் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

நிறுப்பதற்கு நகைக்கடைத் தராசு தேடுங்கள். மளிகைத் தராசு 16 கிராமுக்கெல்லாம் சரியாகக் காட்டாது. பொன்னி அரிசி என்றால் மணி சின்னது, மூட்டை குறையும்.


ஓவர்லாக்_செல்வி:

எங்க தெருவுல ரேஷன் அரிசி சிப்பம் ஈசியா கிடைக்கும். ஆனா அதுல நொய் ஜாஸ்தி, கணக்கு தப்பும்ல?


கூட்டல்கழித்தல்:

தப்பும். முழு மணியா பார்த்து ஆயிரம் எண்ணுங்க, மூட்டையில நொய் இருந்தா இருக்கட்டும். கூட்டத்துல யாரும் எண்ணப் போறதில்ல.